பாட்டியின் பெட்டியில் ஒரு யானைக் காசு: யாரிடம் காட்டுவது?

பாட்டி போன பிறகு வேலூர் வேலப்பாடி வீட்டைக் காலி செய்தோம். மரப்பெட்டியின் அடியில் பழைய புடவைகளுக்குக் கீழே ஒரு சுருக்குப் பை கிடந்தது. உள்ளே மூன்று காசுகள். ஒன்று கனமான செப்புக் காசு. கருத்துப்போன அதன் ஒரு பக்கத்தில் யானை தெளிவாக நிற்கிறது, மறுபக்கத்தில் கொடி சுற்றியதுபோல் ஏதோ கோடுகள். இரண்டாவது சின்னது. பச்சைக் களிம்பு பிடித்து, குச்சி குச்சியாக ஒரு மனித உருவம் மட்டும் தெரிந்தது. மூன்றாவது மஞ்சளாகப் பளபளத்தது. அதில் ராமர் பட்டாபிஷேகம், பின்னால் ஆங்கில எழுத்தும் 1818 என்ற ஆண்டும்.

"மத்த ரெண்டும் செல்லாக்காசு மாப்ள. மூணாவதை மட்டும் பத்திரமா வை, லட்சக்கணக்குல போவுது" என்றார் மாமா.

எனக்கோ அந்த யானையை விட்டுக் கண் நகரவில்லை. யாருடைய யானை அது? இதை யாரிடம் கேட்பது என்பதிலேயே நான்கு மாதம் ஓடியது. போனில் தேடினேன், கடைக்குப் போனேன், கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன், எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடமும் போனேன். இந்த வழிகள் எதெதற்கு உதவும், எதெதற்கு உதவாது என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடியும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டில் இப்படியொரு சுருக்குப் பை இல்லாத பழைய வீடு குறைவு. அடுத்து ஒரு பை திறக்கப்படும்போது யாருக்காவது இது பயன்படட்டும்.

முதலில், ஒரு யானையை மட்டும் வைத்து என்ன சொல்லலாம்?

நம் பக்கத்துக் காசுகளில் யானை புதிய ஆள் இல்லை. சங்க காலத்துப் பாண்டியர், சேரர், சோழர் காசுகளிலேயே யானை உண்டு. அந்தக் காசுகள் பெரும்பாலும் சதுரமானவை. யானைக்கு மேலும் முன்னும் சின்னச் சின்ன மங்கலச் சின்னங்கள் இருக்கும். மறுபக்கம் திருப்பினால் கோட்டுருவ மீன் என்றால் பாண்டியர், வில்லும் அம்பும் என்றால் சேரர், வாலைத் தூக்கிய புலி என்றால் சோழர். ஆக, சங்க காலத்திலேயே யானை எந்த வம்சம் என்று தனியாகச் சொல்லிவிடாது. மறுபக்கம்தான் சொல்லும்.

அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து விஜயநகரத்தில் மீண்டும் யானை வருகிறது. 1422 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயர் யானை வேட்டையில் பேர் பெற்றவர். அவருடைய செப்புக் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் நாகரி எழுத்தும் இருக்கும். சிலவற்றில் 'ராய கஜ கண்டபேருண்ட' என்ற பட்டமே பொறித்திருக்கும். எதிரி அரசர்களாகிய யானைகளுக்கு இவர் கண்டபேருண்டம் என்ற இரட்டைத் தலைப் பறவை என்று பொருள். படைவீட்டுச் சம்புவராயர்களை விஜயநகர இளவரசன் குமார கம்பணன் வென்ற பிறகு நம் மாவட்டம் முழுக்க விஜயநகரத்தின் கீழ்தான் இருந்தது. அதனால் தேவராயரின் யானை இங்கே கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது யானை மைசூருடையது. ஹைதர் அலி தன் கடைசி ஆண்டுகளில் யானை பொறித்த செப்புக் காசைக் கொண்டுவந்தார், திப்பு சுல்தான் அதைத் தொடர்ந்தார். இது வட்டமானது, தடிமனானது. மறுபக்கம் பாரசீக எழுத்தில் அச்சடித்த ஊர்ப் பெயர் இருக்கும். திப்புவின் ஆட்சி 1799இல் முடியும் வரை இந்த யானை பல ஊர்களில், பல அளவுகளில், இடமும் வலமுமாக நடந்துகொண்டே இருந்தது.

ஒரே மிருகம், மூன்று காலங்கள். முதலுக்கும் கடைசிக்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளோ அதற்கு மேலோ தூரம். காசின் படத்தை மட்டும் பார்த்து நொடியில் பெயர் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுதான் காரணம். "திருப்பிக் காட்டுங்க, எடை என்ன" என்று கேட்பவரிடம் நின்று பேசலாம்.

காளையும் அப்படித்தான். காளை என்றதும் பல்லவர் என்பார்கள். பல்லவர் சின்னம் காளைதான், காசிலும் உண்டு. ஆனால் பிற்கால நாயக்கர் செப்புக் காசுகளிலும் காளை உட்கார்ந்திருக்கும், நின்றிருக்கும். கப்பலும் அதே கதை. இரட்டைப் பாய்மரக் கப்பல் சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் ஈயக் காசுகளிலும் உண்டு, பல்லவர் காசிலும் உண்டு. உலோகத்தையும் எழுத்தையும் பார்க்காமல் பிரிக்க முடியாது.

சில உருவங்கள் மட்டும் கொஞ்சம் உறுதியாக வழி காட்டும். அனுமன் என்றால் விஜயநகரத்தின் தொடக்கம், முதலாம் ஹரிஹரர், புக்கர் காலம். இரட்டைத் தலைப் பறவை அலகிலும் நகத்திலும் யானைகளைப் பிடித்திருந்தால் அச்சுதராயரை முதலில் நினைக்கலாம். குழந்தைக் கிருஷ்ணன் உட்கார்ந்த தங்கக் காசு கிருஷ்ணதேவராயருடையது. வேங்கடவன் நின்றால் விஜயநகரத்தின் கடைசி வம்சமான ஆரவீட்டு வம்சத்தை நோக்கிப் போகலாம். அந்த வம்சம் கடைசியில் வந்து நிலைகொண்டது நம் வேலூரில்தான் என்பதால் இங்கே தேடுபவருக்கு இது முக்கியம்.

வீட்டிலேயே, நீங்களே

முதல் வழி செலவில்லாதது. இதைச் செய்யாமல் மற்ற எதற்கும் போக வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன்.

பகல் மூன்று மணிக்கு மேல் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வெயில் சாய்வாக விழும்போது காசை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மொழுக்கென்று தெரிந்த இடத்தில் சாய்ந்த வெளிச்சம் நிழலை உண்டாக்கி எழுத்தை எழுப்பும். என் யானைக் காசில் யானையின் முதுகுக்கு மேல் நான்கு புள்ளிகள் மாதிரி ஏதோ இருந்தது. அவை எண்கள் என்பது ஜன்னலோரத்தில்தான் தெரிந்தது. போனின் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஓர் அடி உயரத்தில் பிடித்து, பெரிதாக்கி எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு திசையிலும் திருப்பி எடுத்தால் நல்லது, எது மேல் எது கீழ் என்று நமக்குத் தெரியாதே.

அடுத்து எடை. சமையலறைத் தராசு போதாது. நகைக்கடைத் தராசு வேண்டும். லாங் பஜாரில் எங்களுக்குப் பழக்கமான பட்டறையில் வைத்துப் பார்த்தேன். யானை 11.2 கிராம், குச்சி உருவம் 3.6 கிராம். திப்பு காலத்துச் செப்புப் பைசா பதினொரு கிராமை ஒட்டியே இருக்கும் என்று பிறகு தெரிந்தது. இராஜராஜன் வகைச் செப்புக் காசு மூன்றரை, நான்கு கிராம் பக்கம் நிற்கும். எடையை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் தவறான பெயரைத் தள்ள முடியும். அதுவே பெரிய உதவி.

பட்டறைக்காரர் செம்பா, பித்தளையா, வெள்ளி கலந்ததா என்றும் சொல்லிவிடுவார். மூன்றாவது காசைக் கையில் வாங்கியதும், "இது பித்தளை, தம்பி. பழசும் இல்லை" என்று திருப்பித் தந்தார். காலம் சொல்வது அவர் வேலை இல்லை. ஆனால் உலோகம் தெரிந்த கை அது.

இனி, இந்த வழியில் செய்யக்கூடாத ஒன்று. இதைச் சொல்லும்போது இன்னும் மனசு வலிக்கிறது. குச்சி உருவக் காசை நான் மேசைமேல் வைத்துவிட்டு ஆபீஸ் போயிருந்தேன். அம்மா அதைப் பார்த்திருக்கிறார்கள். செம்பு என்றால் புளி போட்டு விளக்குவதுதானே நம் வழக்கம்? பூஜைச் சொம்போடு சேர்த்து அதையும் புளி, உப்பு போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் காசு புதுச் செம்பாக இளஞ்சிவப்பில் மின்னியது. இடது கைக்குப் பக்கத்தில் நான் முந்தின நாள் ஜன்னலோரத்தில் பார்த்த மூன்று வரி எழுத்து மழுங்கிப்போயிருந்தது. பச்சைக் களிம்பு வெறும் அழுக்கு அல்ல. நூற்றாண்டுகளாகச் செம்பு தன்மேல் தானே போர்த்திக்கொண்ட தோல் அது. பல இடங்களில் எழுத்தின் விளிம்பு அந்தத் தோலில்தான் நிற்கிறது. தோலை உரித்தால் எழுத்தும் போகும். அம்மா மேல் என்ன தவறு? நான்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும். புளி, எலுமிச்சை, சாம்பல், டூத் பேஸ்ட், மெருகு எண்ணெய், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான நீரில் ஊறவைத்து, மெதுவான தூரிகையால் தடவினால் போதும். சந்தேகம் இருந்தால் அதையும் செய்யாதீர்கள்.

போனில் தேடுவது

இதில் வேகம் உண்டு. படத்தைக் காட்டினால் ஒத்த படங்கள் நூறு வந்து விழும். என் யானைக்கு வந்தவற்றில் மைசூர் இருந்தது, தேவராயர் இருந்தது, இலங்கையின் ஆங்கிலேயர் காலத்து யானைக் காசும் இருந்தது. மூன்றும் யானை, மூன்றும் செம்பு. எந்திரம் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கிறது, எழுத்தைப் படிப்பதில்லை. களிம்பு ஏறிய காசு என்றால் தடுமாற்றம் இன்னும் அதிகம்.

நாணயக் குழுக்களில் போட்டால் பதில் இன்னும் வேகமாக வரும். முதல் பதில் பெரும்பாலும் விலை. "ஐந்நூறுக்குத் தருவீங்களா?" என்று ஒருவர், "ஐம்பதாயிரம் பெறும், அவசரப்படாதீங்க" என்று இன்னொருவர். காசு என்ன என்று சொன்னவர் இரண்டு நாள் கழித்து அமைதியாக ஒரே வரி எழுதினார்: "பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது, பாரசீகம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்." அவர் யாரென்று தெரியாது. அந்த ஒரு வரிக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

போன் தேடல் உண்மையில் கைகொடுப்பது இரண்டாம் கட்டத்தில். திப்புவாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் கையில் வந்த பிறகு ஜீனோ, நியூமிஸ்டா போன்ற காசுப் பட்டியல் தளங்களில் ஆட்சி, ஊர், ஆண்டு என்று வரிசையாகப் பார்த்து ஒப்பிடலாம். ஊகம் இல்லாமல் அங்கே நுழைந்தால் பொழுது போகும், விடை வராது.

கடைக்காரரும் சேகரிப்பாளரும்

பழங்காசு வாங்கி விற்பவர்களுக்குக் கண் உண்டு. பத்தாயிரம் காசு பார்த்த கண்ணை எந்தப் புத்தகமும் தராது. ஆனால் அதே கண் உங்கள் காசை வாங்கவும் பார்க்கிறது. நான் போன ஒரு கடையில் யானையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "நாயக்கர் காசு, நூறு ரூபா" என்றார். "பின்னால் எழுத்து இருக்கிறதே" என்றதும், "இருந்தாலும் அதே விலைதான்" என்றார். அது என்ன காசு என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். விற்க வருபவனுக்கு ஒரு பதில், அறிய வருபவனுக்கு வேறு பதில் என்று இருக்கும் இடத்தில் கேள்வியைக் கொண்டுபோய் வைத்தது என் பிழை.

சேகரிப்பாளர்கள் வேறு மாதிரி. வாங்கும் எண்ணம் இல்லாமல் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாணயக் கண்காட்சிகளில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் போய், காசைத் தராமல் படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர்தான் உங்களுக்கான ஆள்.

இங்கேயே அந்த ராமர் காசையும் முடித்துவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் ராமர், அனுமன் பொறித்த காசு எதையும் வெளியிடவில்லை. அவை பிற்காலத்தில் பக்திக்காகவும் விற்பனைக்காகவும் செய்த வில்லைகள். கம்பெனியின் உண்மையான சென்னைக் காசு வேண்டுமானால் 1803, 1808 ஆண்டு போட்ட பத்துக் காசு, இருபது காசு செம்புகளைப் பாருங்கள். ஒருபுறம் கம்பெனியின் சிங்கம் தாங்கிய முத்திரை, மறுபுறம் பாரசீக எழுத்து. இங்கிலாந்தின் சோஹோ பட்டறையில் எந்திரத்தில் அடித்தவை என்பதால் விளிம்பு ஒழுங்காக வட்டமாக இருக்கும். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "சாமி படம்தானே, பூஜையில வை" என்றார். வைத்திருக்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் ஏறிய செம்பு, கோடிக்கணக்கில் வெளிநாட்டுக்காரன் வாங்குகிறான் என்று பேச்சு தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ரைஸ் புல்லிங் என்ற பெயரில் நடப்பது முழு மோசடி. எந்தச் செப்புக் காசும் அரிசியை இழுக்காது. சோதனைக் கட்டணம், முன்பணம் என்று நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களை நம் பக்கத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம்.

அருங்காட்சியகம்

வேலூர்க் கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பு நாட்டின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. மாநிலத்தில் புதையலாகக் கிடைக்கும் காசுகள் பல அங்கேதான் போய்ச் சேருகின்றன. விலை பேசாத கண் வேண்டுமென்றால் இதுதான் இடம்.

வேகம் இருக்காது. நீங்கள் போகும் நாளில் காசு பார்க்கத் தெரிந்த அதிகாரி இருப்பார் என்று சொல்ல முடியாது. முன்பே கேட்டுக்கொண்டு போங்கள், விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். படம், எடை, அளவு, எங்கே கிடைத்தது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் காரியத்துக்கு வரும். நான் கோட்டைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதுகூட வீண் இல்லை. விஜயநகரக் காசையும் நவாபு காசையும் பக்கம் பக்கமாக நேரில் பார்த்தபோது தடிமன், வெட்டு, எழுத்தின் சாய்வு எல்லாம் படத்தில் தெரியாத விதத்தில் புரிந்தது.

நிறையப் பேர் அங்கே போகத் தயங்குவது ஒரே பயத்தால்தான். பிடுங்கிக்கொள்வார்களோ? இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தலைமுறையாக வீட்டில் இருக்கும் காசு வேறு, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த காசு வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், நில உரிமையாளருடன் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்று அந்தச் சட்டமே பங்கு சொல்கிறது. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கடல் கடந்து ஒருவர் ஆசை காட்டி வாங்கக் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

மண்ணில் கிடைத்ததைச் சொல்ல வேண்டியது சட்டத்துக்காக மட்டும் இல்லை. செங்கம் பக்கம் ஆண்டிபட்டியில் கிடைத்த ஈயக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழி என்ற பழைய தமிழ்ப் பிராமி எழுத்தில் சேந்தன் என்ற பெயரைத் தாங்கிய காசுகள் அவை. அவை கூட்டமாக, கிடைத்த இடம் தெரிய வந்ததால்தான் சங்க காலத்தில் நம் மலையடிவாரத்தில் ஒரு தலைவன் தன் பெயரில் காசு அடித்தான் என்று இன்று பேச முடிகிறது. அதே காசுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயிருந்தால் ஊர் பேர் தெரியாத ஈய வில்லைகளாகவே நின்றிருக்கும்.

எழுத்துப் படிப்பவர்

இந்த வழிகளில் எனக்கு உண்மையில் கதவைத் திறந்தது இதுதான். இதை யாரும் ஒரு வழியாகச் சொல்வதே இல்லை.

காசில் படம் எந்த எழுத்தை எதிர்பார்க்கலாம் என்று காட்டுகிறது. பிறகு தேவைப்படுவது அந்த எழுத்தைப் படிப்பவர். காசு நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. இந்த விஷயத்தில் வட ஆற்காட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தெலுங்கு வேண்டுமா, குடியாத்தத்தில் பக்கத்து வீட்டில் இருக்கிறது. நாகரி வேண்டுமா, இந்தி வாத்தியாரோ வேதம் படித்தவரோ கூப்பிடு தூரம். பாரசீக எழுத்தா, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று உருது படிக்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

வாணியம்பாடியில் என் நண்பனின் அப்பா ஓய்வுபெற்ற உருது ஆசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசை எடுத்துக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலில் மெதுவாகச் சுற்றினார். நான் கொடி என்று நினைத்திருந்த கோடு கீழே போனது.

"தம்பி, இத்தனை நாளா தலைகீழாப் பார்த்திருக்கீங்க. இது ஸர்ப். அடிச்சதுன்னு அர்த்தம். இது பட்டன்."

ஸர்ப் பட்டன். பட்டணத்தில் அச்சடித்தது. திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

யானைக்கு மேலிருந்த எண்ணைப் படித்துவிட்டு அவரே குழம்பினார். "ஆறு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு. ஆறாயிரத்து நூத்தி இருபத்தொண்ணா? ஹிஜ்ரி இப்பவே ஆயிரத்து நானூறைத்தானே தாண்டியிருக்கு." வீட்டுக்கு வந்து பட்டியல் தளங்களில் தேடியபோது முடிச்சு அவிழ்ந்தது. திப்பு பின்னாளில் ஹிஜ்ரியை விட்டு மவுலூதி என்ற தன் ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 6121 என்று தெரிவது 1216. நம் கணக்கில் 1788, 89 வாக்கு. போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. "வலமிருந்து இடமாவா? அல்லா! நல்லா இருக்கே" என்று குழந்தைபோல் சிரித்தார்.

குச்சி உருவக் காசுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிற்கும் மனிதன் ஒருபக்கம், உட்கார்ந்த மனிதன் மறுபக்கம், கைக்கு அருகே மூன்று வரி நாகரி. இது முதலாம் இராஜராஜன் வெளியிட்ட செப்புக் காசின் அச்சு அமைப்பு. 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று இருக்க வேண்டிய இடம் அது. ஆனால் இதே அமைப்பை இலங்கை அரசர்களும் பின்னால் இரண்டு நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகுவின் பெயர் அதே இடத்தில்தான் வரும். படத்தில் வேறுபாடு அதிகம் இல்லை, பெயர்தான் பிரிக்கும். அந்தப் பெயரைப் புளி தின்றுவிட்டது. சோழர் வகை என்பதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

வீட்டில் வந்த ஒன்றிரண்டு செப்புக் காசு என்றால் என் முடிவு இதுதான். ஒரு வாரம் நீங்களே பாருங்கள், படம் எடுங்கள், எடை போடுங்கள். எழுத்து எந்த மொழி என்று தெரிந்ததும் அதைப் படிப்பவரைத் தேடிப் போங்கள். பெயரும் ஊரும் வந்த பிறகு பட்டியல் தளங்களில் ஒப்பிட்டு, கடைசியில் அருங்காட்சியகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எழுத்தே இல்லாத காசு, சதுரக் காசு, ஈயக் காசு என்றால் இடையில் எங்கும் நிற்காமல் நேராக அருங்காட்சியகம். அவற்றில் நம் கண் தப்பு செய்யும் வாய்ப்பு மிக அதிகம், காசும் அரிதாக இருக்கக்கூடும். மண்ணில் கிடைத்தது என்றால் முதலில் ஆட்சியர் அலுவலகம், பிறகுதான் எதுவும். கிடைத்த இடத்தை அதற்குள் இன்னும் தோண்டாதீர்கள்.

விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் அடையாளம் தெரிந்த பிறகு கடைக்குப் போவதே உங்களுக்கு நல்லது. மைசூர் யானைப் பைசா நிறையப் புழங்கிய காசு, அதனால் பெரும் பணம் ஒன்றும் வராது. அது தெரிந்தபோது எனக்கு வருத்தம் இல்லை. ஒரு யானைக்குப் பெயர் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காசு வேலப்பாடிப் பெட்டிக்கு எப்படி வந்தது? திப்பு காலத்தில் வேலூர்க் கோட்டை ஆங்கிலேயர் கையில். ஆற்காட்டு நவாபு ரூபாயும் செம்பும்தான் இங்கே செலாவணி. ஹைதர் 1780இல் ஆற்காட்டைப் பிடித்ததும், 1782இல் சித்தூர்ப் பக்கம் பாசறையில் இறந்ததும் இந்தக் காசு அடிப்பதற்கு முந்தைய கதை. ஹைதரின் படையோடு வந்திருக்க முடியாது.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது, காட்பாடியில் இருக்கிறார். பாட்டி இருந்தபோதே கேட்டிருக்க வேண்டியதை அத்தையிடம் கேட்டேன்.

"அந்தச் சுருக்குப் பையா? அது உங்க பாட்டி பொறந்த வூட்டுலேர்ந்து கொண்ணாந்தது கண்ணு. திருப்பத்தூர் பக்கம் அவங்க ஊரு. அவங்க ஆயாவோடதுன்னு சொல்லுவாங்க."

திருப்பத்தூர் 1792 வரை திப்புவின் கையில் இருந்த பாரமகால் சீமை. அந்த ஆண்டு உடன்படிக்கையில்தான் கம்பெனிக்குப் போனது. 1788இல் அங்கே சந்தைக்குப் போன ஒருத்தி மடியில் முடிந்து வைத்த காசாகவே இது இருக்கலாம்.

ஒரு சின்ன உறைக்குள் யானையைப் போட்டு, மேலே எழுதி வைத்திருக்கிறேன்: திப்பு சுல்தான், செப்புப் பைசா, பட்டணம், மவுலூதி 1216, 11.2 கிராம். வந்த வழி: பாட்டியின் தாய்வீடு, திருப்பத்தூர் பக்கம். சொன்னவர் அத்தை.